எக்ஸ்ரேயில் தெரியாத முள்ளு

சீமைக்கருவேல முள்ளு குத்தினா பிடுங்கிப் போட்டுட்டு வேலையைப் பாக்குறதுதான் வடலூர்ப் பக்கம் வழக்கம். வரப்போரம் கருவை வெட்டினப்ப என் குதிகால்ல ஏறினதையும் அங்கேயே பிடுங்கியாச்சு. புண்ணும் ஆறிடுச்சு. ஆனா மூணு மாசம் கழிச்சும் காலை ஊன்றினா சுருக்குங்குது.

ஆளுக்கொரு பேர் சொன்னாங்க. ஆணின்னாங்க, குதிகால் வாதம்னாங்க. செங்கல்லைச் சுடவச்சு, மேல எருக்கிலையைப் போட்டு மிதிச்சேன். சூடு இருக்குறவரைக்கும் சுகம். எக்ஸ்ரே எடுத்த இடத்துல, "எலும்பு நல்லாருக்கு"ன்னு மாத்திரை கொடுத்து அனுப்பினாங்க.

கடலூர்ல ஒரு சர்ஜன்தான் கட்டைவிரலால அழுத்திப் பாத்துட்டு, "முள்ளு ஏதும் குத்துச்சா பெரியவரே?"ன்னு கேட்டார். இரும்புன்னா எக்ஸ்ரேயில தெரியும். முள்ளும் மரச்சிலாம்பும் பெரும்பாலும் தெரியாதாம். வயித்துக்கு எடுக்குற ஸ்கேனையே காலுக்கு எடுத்தாங்க. அரை அங்குல முள்ளு உள்ளே படுத்துக் கிடக்குது! மரத்துப்போற ஊசி போட்டு, கீறி, முள்ளோட சுத்தி கெட்டிப்பட்டிருந்த சதையையும் சேத்து எடுத்தார். பத்து நாள் கட்டு. அவ்வளவுதான்.

எனக்காவது வலிச்சுது. வலிக்காமலே வளர்ற ஒண்ணு இருக்கு. முள்ளு, கல்லு குத்தின வழியா மண்ணுல இருக்குற பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய், வருஷக்கணக்குல பாதத்தை வீங்க வைக்கும். ஓட்டை ஓட்டையா விழுந்து சீழோட குருணை வரும். கறுப்புக் குருணைன்னா பூஞ்சை. 1842ல மதுரையில கில்-ங்கிற மருத்துவர் இதைப் பத்தி எழுதினார். அதனால உலகம் முழுக்க இதுக்கு 'மதுரா ஃபுட்'னு பேர். மல்லிகைக்குப் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பேர்! உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத நோய்கள் பட்டியல்ல இதைச் சேத்ததே 2016லதான். வெறுங்கால்ல நடக்குறவன் நோய், யாருக்கு அவசரம்?

சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிச்சாத்தான் எதுன்னு தெரியும். பாக்டீரியான்னா மாசக்கணக்குல மருந்து சாப்பிட்டாலே பெரும்பாலும் குணமாகிடும். பூஞ்சைன்னா மருந்தோட அறுவையும் வேணும். சின்னக் கட்டியா இருக்குறப்பவே வந்தா கட்டியோட போகும். எலும்புக்குள்ள இறங்கிட்டா காலையே எடுக்க வேண்டி வரலாம்.

எங்க முந்திரித் தோப்புக்குக் கழிக்க வர்ற அண்ணன் ஒருத்தருக்குப் பாதத்து மேல ரெண்டு வருஷமா ஒரு கட்டி. "வலிக்கவே இல்லப்பா, எதுக்கு ஆஸ்பத்திரி?"ங்குறார். அந்த வார்த்தைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. திங்கக்கிழமை காலை முதல் பஸ்ஸுல அவரைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போறேன். அன்னிக்குக் கூலியை நான் தர்றதா சொன்னப்புறம்தான் சரின்னார்.