ஞானஸ்நானத் தொட்டியும் சிற்பியின் பெயரும்

இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களுட் புகுவோர் வாயிலருகே காண்பது ஞானஸ்நானத் தொட்டி. இந்துக் கல்லூரி மலரில் இப்பொருள் எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். எழுத்தறியா மக்களுக்குக் கல்லின் வாயிலாகப் பாடஞ் சொன்னோரை, எழுத்தறிவித்துப் பிழைக்கும் எம்போன்றோர் அறிந்திருத்தல் நன்று என்பதே எமது விடை.

குழந்தையைத் திருச்சபையிற் சேர்க்குஞ் சடங்கு இத்தொட்டி நீரிலே நிகழும். இடைக்காலத்திற் குழந்தையை நீருள் அமிழ்த்தி எடுத்தனராதலின் தொட்டிகள் அகன்றும் ஆழ்ந்தும் அமைந்தன. மந்திரித்த நீரைச் சூனியக்காரர் களவாடுவர் என்றஞ்சி, 1236ஆம் ஆண்டிற் கன்ரபரி அதிமேற்றிராணியார் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டிவைக்கப் பணித்தார். பூட்டிரும்பு பதிந்த வடுக்களைப் பல தொட்டிகளின் விளிம்பில் இன்றுங் காணலாம்.

பிரான்சிஸ் பொண்ட் என்பார் 1908இல் இத்தொட்டிகளைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். அத்தகைய நூல்களின் படங்களே எம்மை இத்துறைக்கு இழுத்தன. நோபோக் பகுதியிலுள்ள பேணம் டீப்டேல் என்னும் ஊரில் நாற்சதுரத் தொட்டி ஒன்றுண்டு. அதன் மூன்று பக்கங்களிலும் பக்கத்துக்கு நான்காகப் பன்னிரு மாதத் தொழில்களுஞ் செதுக்கப்பட்டுள்ளன. ஒருவன் கதிர்க்கட்டுக் கட்டுகிறான்; ஒருவன் கோலோங்கிக் கதிரடிக்கிறான்; மார்கழியில் எல்லோரும் விருந்துண்கின்றனர். இப்படத்தை வகுப்பிற் காட்டியபோது, கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாம் வாய் திறக்குமுன்னரே கதிரடிப்பவனைச் சுட்டிவிட்டனர். கென்ற் பகுதியின் புறூக்லண்ட் ஊரில் ஈயத்தாலான தொட்டியிலும் மாதத் தொழில்கள் உள. அவற்றின் மேல்வரிசையில் இராசிகளும் உள.

தமிழாசிரியராகிய எமக்கு மிக உவப்பானது வடபுலத்துப் பிறைட்கேர்க் தொட்டியே. அது பன்னிரண்டாம் நூற்றாண்டினது. அதன் ஒரு பக்கத்திற் சிற்பியொருவன் உளியுங் கொட்டானுமாக வேலை செய்கிறான். ரூனிக் என்னும் பழைய வரிவடிவிற் பொறித்த ஆங்கில அடிகள், இத்தொட்டியைச் செய்தவன் றிக்கார்த் என்கின்றன. பேசுவது தொட்டியே, அடிகளின் ஈற்றில் இயைபும் அமைந்துள்ளது. தன் கைவேலையைத் தானே பேசவைத்துத் தன் பெயரைச் சொல்வித்த அவனது பெருமிதம் எமக்குத் தவறாகத் தோன்றவில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் நோபோக், சபோக் பகுதிகளில் எண்கோணத் தொட்டிகள் பல எழுந்தன. ஏழு பக்கங்களில் ஏழு திருவருட்சாதனங்களும், எஞ்சிய பக்கத்திற் பெரும்பாலும் இயேசுவின் ஞானஸ்நானமோ சிலுவைக் காட்சியோ அமைந்தன. சமயச் சீர்திருத்தம் வந்தது. உருவங்களின் முகங்கள் சிதைக்கப்பட்டன. 1645இற் பாராளுமன்றம் பழைய தொட்டிகளை விலக்கிச் சிறு பாத்திரங்களைப் புகுத்தியது. அகற்றப்பட்ட தொட்டிகளுட் சில மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டன. எம்மை உறுத்துவது யாதெனில், உடைத்தோர் மூடரல்லர். வேதநூலைத் தாமே படிக்கக் கற்ற பக்தர்கள். எழுத்துக் கைவந்ததும் கல்லின் பாடம் அவர்களுக்குப் பகையாயிற்று. எழுத்தைக் கற்பிக்கும் நாம் இதனை எளிதிற் கடந்துபோதல் இயலாது.

எனினும், சபோக்கின் அபேட் தேவாலயத்தில் தொட்டிக்கு மேல் ஏறத்தாழ 18 அடி உயர்ந்த மரமூடி தப்பிவிட்டது. உருவங்களை உடைக்கவென்றே 1644இல் ஊரூராய்ச் சென்ற வில்லியம் டௌசிங் அதன் அழகைத் தன் குறிப்பேட்டில் வியந்தெழுதி, அதனை விட்டுச் சென்றான். தன் மார்பைத் தானே கொத்தும் கூழைக்கடா அதன் உச்சியில் இன்றும் இருக்கிறது.