விற்கும் வீட்டுக்குப் புதுக் கூரை

விற்பதென்று முடிவான வீட்டுக்குக் கூரை மாற்றுகிறவரைக் கண்டால் ஊரார் நகைப்பர். நாளை வேறொருவர் குடியேறப்போகும் வீட்டுக்கு இன்று நம் கைப்பொருளைச் செலவிடுவானேன் என்பது அவர்தம் கேள்வி. சுவருக்கு வண்ணம் பூசுவதை எவரும் குறை சொல்வதில்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது. விலையையும் சற்றே உயர்த்துகிறது. கூரையோ அண்ணாந்து பார்த்தாலன்றித் தெரியாது. ஒழுகத் தொடங்கும் வரையில் அதைப்பற்றிப் பேசுவாரும் இல்லை.

இந்நாட்டில் நம்மவர் வாழ்ந்த கூரைகளை எண்ணிப் பார்த்தால், அவர்தம் வாழ்க்கையின் படிகளையே எண்ணிவிடலாம். தொடக்கத்தில் நீப்பா ஓலையாலான அத்தாப்புக் கூரை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். பின்னர்த் தோட்டத்து லயங்களில் தகரம் வந்தது. நண்பகலில் அனலையும், மழைக்காலத்தில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாத பேரிரைச்சலையும் அது தந்தது. அந்தத் தகரத்தின் கீழ்ப் பிறந்தவர் தம் பெயரில் ஓட்டு வீடு வாங்குவதைப் பெரும்பேறாகக் கருதியதில் வியப்பில்லை.

என் தந்தையாரும் அவ்வாறு கருதியவரே. இரயில்வேயில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு 1974ஆம் ஆண்டில் தைப்பிங் நகரின் ஓரத்தில் ஒரு வீடு வாங்கினார். இடுப்பளவு செங்கற்சுவர், அதன்மேல் பலகை, மேலே சிவந்த களிமண் ஓடு. தைப்பிங் மழையை அறியாதார் மலேசியாவில் அரியர். பின்னால் ஓங்கி நிற்கும் புக்கிட் லாருட் மலை முகில்களைத் தடுத்து நிறுத்துவதால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை அவ்வூரில் பொழிகிறது. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் என்பார்கள். அத்தகைய ஊரில் கூரையே வீடு எனலாம்.

தந்தையார் மறைந்தபின் சில ஆண்டுகள் அம்மா அங்குத் தனித்திருந்தார். முதுமை அவரைக் கிள்ளானில் உள்ள அண்ணன் வீட்டுக்கு அழைத்து வந்தது. 2022இல் வீட்டை விற்பதென்று முடிவு செய்தோம். அதற்குள் உட்கூரையில் பழுப்பு நிறக் கறைகள் படர்ந்திருந்தன. வந்து பார்த்த தரகர், “கறைமேல் வெள்ளையடித்துவிடுங்கள். வெயில் நாளாகப் பார்த்து வாங்குவோரை அழைத்து வருகிறேன்” என்றார். அண்ணன் அதற்கு இணங்கவில்லை. “ஒழுகுவதைச் சொல்லிவிடுவோம். விலையில் 20,000 வெள்ளி குறைத்துக்கொள்வோம். அவர்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளட்டும்” என்றார். நேர்மையான வழிதான். தம்பிக்கோ மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நெருக்கடி. எந்தச் செலவும் வேண்டாம் என்பது அவன் நிலை.

அண்ணன் சொன்ன வழியை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். வீடு வாங்கும் இளையோர் பெரும்பாலும் விலையில் 90 விழுக்காட்டை வங்கிக் கடனாகப் பெறுகின்றனர். எஞ்சிய 10 விழுக்காடே அவர்கள் கைப்பணம். விலையில் 20,000 வெள்ளி குறைந்தால், அதில் 18,000 கடனில் குறைகிறது. கையில் மிஞ்சுவது 2,000 வெள்ளிதான். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி என அனைத்தும் கட்டி முடித்த குடும்பம் அத்தொகையைக் கொண்டு கூரை மாற்றுவது எங்ஙனம்? நாம் குறைத்த விலை அவர்களுக்கு முப்பது ஆண்டுத் தவணையில் சிறுகச் சிறுகக் கிடைக்கும். மழையோ அடுத்த மாதமே வந்துவிடும்.

இதைச் சொன்னபோது, மாற்றிவிடலாம் என்று அம்மா முடிவு கூறினார். ஆனால் உண்மையான சோதனை அதன்பின்தான் வந்தது. ஓட்டைப் பிரித்துப் பார்த்த குத்தகையாளர், சுவரோரம் இருந்த மரச்சட்டங்களின் முனைகளைக் கரையான் அரித்திருப்பதைக் காட்டினார். மரத்தைத் தொடாமல் புதிய ஓட்டை மட்டும் அடுக்கினால் 11,000 வெள்ளி. சட்டங்களையும் மாற்றினால் 26,000 வெள்ளி. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இராது. விற்றுவிட்டுப் போகிறவர் எதைத் தேர்வார் என்பது உலகறிந்ததே.

“புது ஓட்டைப் பார்த்துத்தானே நம்பி வாங்குவார்கள்? அதற்கடியில் உளுத்த மரத்தை வைத்துவிட்டு நாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது?” என்று அம்மா கேட்டார். கறையின்மேல் அடிக்கும் வெள்ளையைவிடப் பெரிய மறைப்பு, உளுத்த மரத்தின்மேல் போடும் புது ஓடு என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. கறையாவது மறுமழையில் தன்னைக் காட்டிக்கொள்ளும். செலவைத் தம் பங்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார் அம்மா. நாங்கள் அதற்கு உடன்படாமல், தம்பியின் பங்கையும் சேர்த்து அண்ணனும் நானும் ஏற்றோம்.

அடுக்களைமேல் பிற்காலத்தில் போட்ட கல்நார்த் தகடுகளும் இருந்தன. கல்நார்த் தூசி நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் விளைப்பது. சிங்கப்பூர் 1989இலேயே கட்டடங்களில் அதன் பயன்பாட்டைத் தடை செய்துவிட்டது. உடைக்காமலும் அறுக்காமலும் நீரால் நனைத்து, முழுத் தகடுகளாகக் கழற்றி, அவ்வேலையறிந்தோர் கொண்டுசென்றனர். அதற்கும் தனிச் செலவு ஆயிற்று.

வீட்டை ஒரு மலாய்த் தாதியும் அவர் கணவரும் வாங்கினர். கூரைக்கு இட்ட பணத்தில் பாதியளவே விலையில் திரும்பிற்று. எனவே, விற்குமுன் கூரை மாற்றுவது இலாபம் தரும் என்று நான் எவர்க்கும் சொல்ல மாட்டேன். கையில் பொருளில்லாதார் குறையை வெளிப்படையாகச் சொல்லி விலையைக் குறைப்பதே முறை. அதில் இழிவேதும் இல்லை. பொருளுள்ளார் மாற்றுவதாயின், மரத்தோடு சேர்த்து மாற்றுக. பற்றுச்சீட்டுகளையும், பிரித்தபோது எடுத்த படங்களையும் வாங்குவோர் கையில் கொடுத்துவிடுக.

நாம் வாழும் வீட்டைப் பழுதுபார்ப்பது தன்னலத்தின்பாற்பட்டது. அதற்கு அறம் தேவையில்லை. இனி நாம் உறங்கப்போகாத கூரையின்கீழ் வேறொருவர் பிள்ளைகள் நனையாமல் உறங்க வேண்டும் என்று எண்ணும்போதுதான் விற்பனை என்பது வெறும் பண்டமாற்றாக இல்லாமல் மனிதர்க்கிடையே ஓர் உறவாகிறது. வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாறலாம்; அவ்வுறவின் பொறுப்பு மாறுவதில்லை.