ராணி, ஆறு, நாலு

"ஸ்ட்ரடஜி தெரிஞ்சா வெல்லலாம் மச்சான்." ஒன்லைன் கசினோவைப் பற்றிப் பெடியள் கதைக்கேக்க அடிக்கடி கேட்கிற வசனம். நான் கலைப்பீடம், கணக்கோட பெரிய உறவில்லை. ஆனாலும் அந்த ஸ்ட்ரடஜி உண்மையில் என்ன சொல்லுது எண்டு பார்க்க ஆசை வந்தது.

'த்ரீ கார்ட் போக்கர்' 1994இல் டெரிக் வெப் என்ற பிரித்தானியர் உருவாக்கிய ஆட்டம். முதலில் 100 ரூபா வைக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று. உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு 100 வைத்து ஆடலாம். அல்லது முதல் 100ஐ விட்டுவிட்டு விலகலாம். டீலரிடம் ராணியோ அதற்கு மேலோ இல்லாவிட்டால் உங்களுக்கு 100 லாபம். இருந்து, அவர் வென்றால் 200ம் போச்சு.

304 விளையாடுற எங்களுக்கு எதிராளியின்ர முகத்தைப் பார்க்கிற பழக்கம் இருக்கு. இங்க அது உதவாது. டீலர் யோசிக்கிறதில்லை, பயப்படுறதில்லை. அதனால்தான் 22,100 மூன்று சீட்டுச் சேர்க்கைகளையும் எண்ணி ஒரே வரியில் விடை சொல்லிவிட்டார்கள்: ராணி, 6, 4 அல்லது அதைவிட நல்ல சீட்டு என்றால் ஆடு, இல்லாட்டி விடு.

ஏன்? உங்களிடம் 2, 3, 5 போல மோசமான சீட்டு என்று வைப்போம். 100 தடவையில் ஏறக்குறைய 30 தடவை டீலருக்குத் தகுதி வராது, 3,000 ரூபா வரும். மற்ற 70 தடவையும் 200 வீதம் 14,000 போகும். மொத்தத்தில் 11,000 நட்டம். ஒவ்வொரு தடவையும் விட்டிருந்தால் 10,000தான்.

எனக்கு உறைத்த இடம் அடுத்தது. ராணி, 6, 4 வெல்லுற சீட்டு இல்லை. அதை ஆடினாலும் சராசரியாக ஏறக்குறைய 99 ரூபா நட்டம். விட்டால் 100. அந்த ஒரு ரூபாவுக்காகத்தான் "ஆடு" என்கிறார்கள்! சிறந்த உத்தி என்பது குறைவாகத் தோற்கிற வழி.

பிழையில்லாமல் ஆடினாலும், வழமையான போனஸ் அட்டவணையில், முதல் 100 ரூபாவுக்குச் சராசரியாக 3 ரூபா 37 சதம் கசினோவுக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சீட்டையும் ஆடினால் 7 ரூபா 65 சதம். திறமைக்குக் கிடைக்கிறது இந்த வித்தியாசம் மட்டும்தான். 50 ஆட்டத்தில், எல்லாம் சரியாகச் செய்தும், சராசரியாக 170 ரூபா அளவில் போகும். ஃபோனில 50 ஆட்டம் எவ்வளவு கெதியா முடியும்?

கணக்கில் பிழையில்லை. ஆனால் அது முதல் 100 வைத்த பிறகுதான் தொடங்குது. மஹாபொலக் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஒருவருக்கு, அந்த 100ஐ வைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு உத்தி அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.