நேர்காணல் என்னும் உரைகல்

நுழையும்முன்

தகுதியுடையவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது பற்றித் திருக்குறளின் பொருட்பால் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களில் பேசுகிறது. இன்று அவ்வாராய்ச்சி நேர்காணல் அறையில் நிகழ்கிறது. ஆலோசனை நிறுவனம் ஒன்றின் நேர்காணலுக்குச் சென்ற இளைஞர் இருவரின் பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரே தெரு, ஒரே வண்டி

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோவிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் புகழ்பெற்ற ஊர். விசைத்தறிகளின் ஓசையும் பூச்சந்தையின் மணமும் அவ்வூருக்கு அன்றாடம். அங்கே ஒரே தெருவில் வளர்ந்த பொறியியல் பட்டதாரிகள் இருவர், ஒரு மாலைப்பொழுதில் பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டனர். பூக்கட்டி விற்கும் தாயின் மகள் ஒருவர். நான்கு விசைத்தறிகள் வைத்துச் சேலை நெய்பவரின் மகன் மற்றொருவர்.

அந்த மாணவிக்கு அது முதல் நேர்காணல் அன்று. முந்தைய நேர்காணலில், "எந்த ஊர்?" என்ற வினாவுக்கு, "திருநெல்வேலிப் பக்கம்" என்று மழுப்பியிருந்தார். சிறிய ஊரின் பெயரைச் சொன்னால் தம் மதிப்புக் குறையும் என்று அவர் அஞ்சினார். மனப்பாடம் செய்த ஆங்கிலத் தொடர்கள் தீர்ந்ததும் பேச்சும் நின்றுபோயிற்று.

ஆலோசனையே தொழில்

பிற நிறுவனங்களின் சிக்கல்களை ஆராய்ந்து தீர்வு கூறுவதையே தொழிலாகக் கொண்டவை ஆலோசனை நிறுவனங்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1926ஆம் ஆண்டு ஜேம்ஸ் மெக்கின்சி தொடங்கிய நிறுவனம் அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. இத்தகைய நிறுவனங்களின் நேர்காணல்களில் பாடநூல் அறிவு மட்டும் சோதிக்கப்படுவதில்லை. ஒரு சிக்கலைக் கொடுத்து, அதனைத் தேர்வர் எவ்வாறு பகுத்து ஆராய்கிறார் என்பதைக் கவனிப்பர். துல்லியமான விடை கிடைக்காத கணக்குகளையும் கேட்பர்.

தெரியுமா?

1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அமெரிக்கப் பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நடைபெற்றது. இயற்பியலறிஞர் என்ரிகோ ஃபெர்மி, அதிர்வலை வந்தபோது காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அவை விலகி விழுந்த தொலைவைக் கொண்டே வெடிப்பின் ஆற்றலைத் தோராயமாகக் கணித்தார். இத்தகைய மதிப்பீடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

பூக்கணக்கு

இம்முறை மாணவி ஊர்ப்பெயரை மறைக்கவில்லை. நேர்காணல் செய்தவர், "சங்கரன்கோவிலில் ஒரு நாளில் எத்தனை முழம் பூ விற்பனையாகும்?" என்று வினவினார். மாணவி ஒரு தாளை எடுத்துக்கொண்டார். மக்கள்தொகை 60,000 என்றும், குடும்பத்துக்கு நால்வர் என்றும் கொண்டால் 15,000 குடும்பங்கள். மூன்றில் ஒரு குடும்பம் நாள்தோறும் இரண்டு முழம் வாங்கினால் 10,000 முழம்.

"இது சரி என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்றார் அவர்.

மாணவியின் நினைவில் தாயின் பூக்கூடை வந்தது. "என் அம்மா ஒரு நாளில் ஏறத்தாழ ஐம்பது முழம் விற்பார். 10,000 முழம் விற்க அவரைப்போல் 200 பேர் வேண்டும். எங்கள் ஊரில் அதில் பாதிப்பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே என் கணக்கு பிழை. நாள்தோறும் பூ வாங்கும் குடும்பங்களை மிகுதியாகக் கொண்டுவிட்டேன், ஆறில் ஒரு குடும்பம் என்று திருத்துகிறேன்" என்றார். தம் பிழையைத் தாமே சொல்லிவிட்டதால் வாய்ப்புப் போயிற்று என்றே அவர் எண்ணினார். ஆனால், அடுத்த சுற்றுக்கு அழைக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

கேட்கப்படாத வினா

நண்பருக்குக் கிடைத்த வினா வேறு: "சேலை உற்பத்தியாளர் ஒருவரின் இலாபம் ஓராண்டில் பாதியாகக் குறைந்துவிட்டது. அவருக்கு என்ன ஆலோசனை கூறுவீர்கள்?"

வினா முடியுமுன்பே அவர் விடை தொடங்கிற்று. புதிய இயந்திரம், இணையவழி விற்பனை, விளம்பரம் எனப் பயிற்சி நூல்களில் படித்தவற்றைத் தடையின்றி அடுக்கினார். ஆங்கிலமும் பிழையற்றதாக இருந்தது. இறுதியில் நேர்காணல் செய்தவர் ஒன்றே ஒன்று கூறினார்: "எல்லாம் சொன்னீர்கள். இலாபம் ஏன் குறைந்தது என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை."

வரவிலிருந்து செலவைக் கழித்தால் எஞ்சுவதே இலாபம். விற்பனை குறைந்ததா, விலை குறைந்ததா, நூலுக்கோ கூலிக்கோ மின்சாரத்துக்கோ செலவு கூடியதா என்று அறியாமல் கூறும் ஆலோசனை, நோய் அறியாமல் கொடுக்கும் மருந்துக்கு ஒப்பானது. தறியோசையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர் அவர். எனினும், நேர்காணல் அறைக்குள் தம் வீட்டை அவர் வெளியே விட்டுச் சென்றிருந்தார். அவர் தேர்வு பெறவில்லை.

வீடு திரும்பிய வினா

ஊர் திரும்பிய இரவு, தறிகள் ஓய்ந்த பின் அவர் தந்தையின் அருகில் அமர்ந்தார். "அப்பா, நம்ம இலாபம் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டார்.

தந்தை சிறிது நேரம் மகனையே பார்த்தார். "சேலை ஐந்நூறு ரூவாய்க்குப் போவுது. முன்ன நானூறு செலவாகும், நூறு நின்னுது. இப்ப நூல் வெல ஏறி, செலவு நானூத்தம்பது. அம்பதுதான் நிக்கு" என்றார்.

செலவு ஏறியது எட்டில் ஒரு பங்கு, இலாபமோ பாதியாயிற்று. நேர்காணலில் கேட்கப்பட்ட சிக்கலும் அதன் விடையும் தம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்ததை அவர் உணர்ந்தார். ஒரு குறிப்பேட்டை எடுத்து, நூல் எங்கே வாங்குகிறார்கள், எத்தனை நாள் கடனுக்கு வாங்குகிறார்கள் என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினார்.

தந்தையின் குரல் தழுதழுத்தது. "இத்தன நாளா இதக் கேக்கணும்னு ஒனக்குத் தோணலியேய்யா" என்றார்.

அடுத்த நேர்காணலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. குறிப்பேட்டின் முதல் பக்கம் அன்றிரவே நிறைந்தது.