கயிற்றை உருவும் முன்

பாலைவனம் என்றால் நமக்கு வெயிலும் தாகமும்தான் நினைவுக்கு வரும். அங்கே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டும் உயிர் போகும் என்றால் நம்பக் கொஞ்சம் கடினம். ஆனால் அமெரிக்காவில் அது நடந்திருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அரிசோனா மாநிலத்தின் ஆண்டலோப் பாறையிடுக்கில் 11 சுற்றுப்பயணிகள் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். அந்த மழை பெய்தது பல கிலோமீட்டருக்கு அப்பால். 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி, யூட்டா மாநிலத்தின் ஸயன் தேசியப் பூங்காவில் கீஹோல் என்ற இடுக்குக்குள் இறங்கிய 7 பேரையும் வெள்ளம் கொண்டுபோனது.

மலேசியர்களுக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: கெப்பாலா ஆயர். அருவியில் நாம் குளிக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும். மேலே மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் இறங்கி வரும். நம் ஊரில் ஓடி ஏறக் கரை இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவே ஓர் ஆள் நுழையும் அகலம்.

இந்த இடுக்குகளை ஸ்லாட் கேன்யன் என்பார்கள். கயிறு கட்டி அவற்றுக்குள் இறங்கி, நடந்து, தவழ்ந்து மறுபக்கம் வெளியேறும் விளையாட்டுக்குக் கேன்யனியரிங் என்று பெயர். சென்ற ஜனவரியில் நண்பர்கள் நால்வர் அதற்காகவே யூட்டாவுக்குப் போனோம்.

சால்ட் லேக் சிட்டியில் விமானம் இறங்கி, நான்கு மணி நேரம் காரில் போனால் ஹாங்க்ஸ்வில் என்ற சிற்றூர் வரும். அங்குள்ள ஒரு பெட்ரோல் நிலையத்தின் கடை, குன்றைக் குடைந்து பாறைக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டு முழுவதும் அந்த ஊரில் பெய்யும் மழை 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரில் ஒரே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். ஆனால் அங்கே மழையை உறிஞ்சிக்கொள்ள மண்ணும் மரமும் குறைவு. விழுந்த நீர் வெறும் பாறையில் வழிந்து நேராக இடுக்குகளுக்குள் ஓடுகிறது.

இடுக்குகளை உண்டாக்கியதும் அந்த நீர்தான். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரம் முழுவதும் மணல்மேடுகள். அவை இறுகி நவஹோ மணற்பாறை ஆயின. பாறையில் விழுந்த விரிசல்களில் வெள்ளம் மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு பாய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்துத் தேய்த்து ஆழமாக்கியிருக்கிறது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். அதைத் தவிர்க்கத்தான் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளத்தின் அச்சம் குறைந்தது. அந்த இடத்தில் குளிர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜனவரியில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். இடுக்கின் அடியில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. எங்களுடன் வந்த ஈப்போ அண்ணன் தம் பாணியில் சொன்னார்: “வெள்ளம் ரவுடி மாதிரி, ஒரே அடி. குளிர் கடன்காரன் மாதிரி. வாசல்லயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமா வாங்கிட்டுப் போயிடும்.”

முதல் நாள் நாங்கள் போனது, 95-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய நார்த் வாஷ் பகுதியில் இருக்கும் லெப்ரகான் இடுக்கு. ஐரிஷ் கதைகளில் வரும் குள்ளப் பூதத்தின் பெயர் அது. காலையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. மேலே ஏறும் வழியில், கறுத்துப் பொருக்குத் தட்டிய மண்ணை மிதிக்க வேண்டாம் என்றார் வழிகாட்டி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மணலைப் பிணைத்து வைத்திருக்கும் மேல்தோல் அது. ஒரு காலடித் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகுமாம்.

முதல் இறக்கத்தில் கயிற்றை ஒரு வளையத்துக்குள் நுழைத்து, இரட்டையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொருவராக இறங்கினோம். கடைசியாக அவர் இறங்கி, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மறுமுனை மேலே ஏறி, வளையத்தைக் கடந்து, எங்கள் காலடியில் வந்து விழுந்தது. அந்த நொடியிலிருந்து மேலே ஏற வழி இல்லை. இனி முன்னால் போய்த்தான் வெளியேற வேண்டும்.

உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கின. முதுகுப்பையைக் கழற்றிக் கையில் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தோம். சில இடங்களில் தரை மிகவும் குறுகியதால், இரு சுவர்களிலும் முதுகையும் முழங்காலையும் ஊன்றி அந்தரத்தில் நகர வேண்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒரு பெரிய மரக்கட்டை இரு சுவர்களுக்கும் நடுவே சிக்கி நின்றது. எப்போதோ வந்த வெள்ளம் அதை அந்த உயரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு விநாடி மௌனம் விழுந்தாலே பதறும் பிழைப்பு என்னுடையது. அங்கே பேச்சு எடுபடவில்லை. வளைவுக்கு அப்பால் இருப்பவர் பேசினால், சொல் சுவர்களில் மோதி வெறும் இரைச்சலாகத்தான் வந்து சேரும். அதனால் விசிலில் பேசிக்கொண்டோம். ஒரு விசில் என்றால் ‘நில்’. நான்கு என்றால் ‘கயிற்றை விட்டுவிட்டேன்’. தொலைபேசிக்கு அலைவரிசை கிடையாது.

இரண்டாம் நாள் திட்டம் நீருள்ள ஓர் இடுக்கு. வெட்சூட் எல்லாம் கொண்டு போயிருந்தோம். முதல் இறக்கத்துக்கு மேலே நின்று, கீழே தெரிந்த குட்டையில் வழிகாட்டி ஒரு கல்லை எறிந்தார். மேலே படிந்திருந்த பனிக்கட்டி உடைந்து, கல் உள்ளே போனது. மேலே நடக்க முடியாத அளவுக்கு மெல்லிசு. நீந்திக் கடக்க முடியாத அளவுக்குத் தடிப்பு.

“இறங்கலாம். ஆனால் கயிற்றை உருவிய பிறகு ஒருவருக்கு உடல் நடுக்கம் எடுத்தாலும், வெளியே போக இந்தத் தண்ணீர்தான் வழி. ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்பிவிடுவோம்” என்றார் வழிகாட்டி.

ஈப்போ அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. “இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு காசையும் கொட்டிட்டு, எட்டிப் பார்த்துட்டுத் திரும்பவா?”

கிள்ளானிலிருந்து வந்த தாதி தங்கச்சிதான் எங்களில் இளையவர். கையுறையைக் கழற்றிக் காட்டினார். “அண்ணே, எனக்கு இப்பவே விரல்ல உணர்ச்சி இல்ல. நான் வரல.”

அண்ணன் அவருடைய கையைப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் தம் தலைக்கவசத்தைக் கழற்றினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம்.

அன்று மாலை விடுதியில் சுடுநீரில் மேகி போட்டுச் சாப்பிட்டபோது ‘127 ஹவர்ஸ்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. டேனி பாயில் இயக்கி 2010-இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு இசை நம் ஏ.ஆர்.ரகுமான். கதை நடந்த புளூஜான் இடுக்கு, ஹாங்க்ஸ்வில்லுக்குக் கிழக்கேதான் இருக்கிறது. 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் தனியாக அங்கே போனார். உருண்ட பாறை ஒன்று அவருடைய வலக்கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறோம் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாள் கழித்துத் தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு நாளும், எந்த இடுக்கு, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார். இதற்குப் பாலைவனம் வரை போக வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் அருவிக்குப் போகும் நம் குடும்பங்களும் செய்யலாம். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள். மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பொருளை எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு கரையேறுங்கள். கூட்டத்தில் ஒருவர் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றால் கேலி செய்யாதீர்கள்.

அந்த இரண்டாவது இடுக்கை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அது அங்கேயேதான் இருக்கும். தங்கச்சியின் பத்து விரலும் நலமாக இருக்கின்றன. அடுத்த பயணத்துக்கு அவர்தான் இப்போது பணம் வசூலிக்கிறார். முதல் ஆளாகக் கட்டியவர் ஈப்போ அண்ணன்.