மூளைக்குள் ஒரு டூப்

பி.காம். படித்தவனுக்கு மூளையில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது ஸார். அங்கேயும் நடப்பது ஸ்டாக் கணக்குதான்.

ஒரு நரம்பு செல், அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல டோபமைன், செரட்டோனின் மாதிரி ஏதாவது ஒரு ரசாயனத்தை இடைவெளியில் கொட்டுகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும், செல்லின் சுவரில் இருக்கும் ஒரு புரதம் கொட்டியதைத் திரும்ப உள்ளே வாரிக்கொள்கிறது. சுத்தமான 'சேல்ஸ் ரிட்டர்ன்'! அந்தப் புரதத்துக்குப் பெயர் டிரான்ஸ்போர்ட்டர். இரண்டு கதவு வைத்த சின்ன அறை. வெளிக்கதவு திறந்திருந்தால் உள்கதவு மூடியிருக்கும். செல்லுக்கு வெளியே சோடியம் கூட்டம் அதிகம். அது உள்ளே பாயும்போது இதையும் இழுத்துக்கொண்டு போகிறது. காலை ஒன்பது மணி பஸ்ஸில் நாமா ஏறுகிறோம்? கூட்டம்தானே ஏற்றிவிடுகிறது!

இந்த ரிட்டர்ன் கணக்கைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஜூலியஸ் ஆக்செல்ராட். மெடிக்கல் காலேஜில் இடம் கிடைக்காமல், லேப் டெக்னீஷியனாக உணவில் வைட்டமின் அளந்துகொண்டிருந்தவர். டாக்டர் பட்டம் வாங்கியது 1955-ல், நாற்பதைத் தாண்டிய பிறகு. 1970-ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசு. (இன்க்ரிமென்ட் தள்ளிப்போகிறதே என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.)

கதிரியக்கம் ஏற்றிய ரசாயனத்தை அனுப்பி, எவ்வளவு உள்ளே போனது என்று அளந்தார் அவர். ஆனால் அது வருடக் கடைசி பாலன்ஸ் ஷீட் மாதிரி. மொத்தம் தெரியும், எந்தக் கவுன்ட்டரில், எந்த நிமிஷம் என்று தெரியாது.

அதற்குத்தான் டூப் போட்டார்கள். 2009-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டலிபோர் சேம்ஸ், டேவிட் சல்சர் குழுவினர் டோபமைன் மாதிரியே நடிக்கும், ஆனால் பளிச்சென்று ஒளிரும் ஒரு மூலக்கூறைத் தயாரித்தார்கள். செல்லுக்குள் டோபமைனை மூட்டை கட்டும் டிரான்ஸ்போர்ட்டர், ஆள் மாறாட்டம் தெரியாமல் இதையும் மூட்டை கட்டியது. செல் சேதி அனுப்பியதும் வெளிச்சம் வெளியே கொட்டியது. மைக்ராஸ்கோப்பில் நேரடி ஒளிபரப்பு! 2013-ல் வந்த இன்னொரு டூப், செல் சுவரில் இருக்கும் டோபமைன் கதவு வழியாகவே உள்ளே நுழைந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம், என் ஆபீஸ் நண்பன். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை டிபன் பையில் ஊறுகாய் டப்பாவுக்குக் கீழே ஒளித்துவைத்து, பாத்ரூமில் போய் விழுங்கிக்கொண்டிருந்தான்.

"பத்து நாளாச்சுடா. ஒண்ணும் தெரியலை. நிறுத்திடப் போறேன். யாராவது பாத்தா பைத்தியம்னுவாங்க" என்றான்.

அவன் மாத்திரை செய்வது ஒரே வேலைதான். செரட்டோனின் ரிட்டர்ன் ஆகும் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறது. வெளியே சரக்கு கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. கதவு அடைபடச் சில மணி நேரம் போதும். மனசு தெளியத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

பேப்பரில் படம் போட்டே காட்டினேன். "பத்து நாள்ல கணக்கை முடிக்காதே. டாக்டரைக் கேக்காம நிறுத்தவும் செய்யாதே. சுகர் மாத்திரை போடறவன் பாத்ரூமுக்கா ஓடறான்?"

படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பதில் சொல்லவில்லை.

இப்போது ஸீட்டிலேயே உட்கார்ந்துதான் போடுகிறான். போன வாரம் தண்ணீர் பாட்டிலை நீட்டியது எங்கள் மானேஜர். "எனக்கும் இதே டாக்டர்தான்யா" என்றார் மெதுவாக.