ஊரைத் தாண்டாத கள்

தோட்டங்களின் வழியே – 6: புக்கிட் பெலண்டோக்

போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சிப்பாங் எல்லையோரம் இருக்கிறது புக்கிட் பெலண்டோக். மலாயில் பெலண்டோக் என்றால் சருகுமான். நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்களில் பிறந்தவர்கள் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். விருந்தாளி வந்தால் வயிறு நிறையப் போட்டு அனுப்பும் பழக்கமும் அவர்களோடு கூடவே போயிருக்கிறது. ஆனால் விருந்துப் பேச்சில் கள் என்ற சொல் வந்தால் குரல் தணிந்துவிடும். பிரான்சில் ஓர் ஊருக்குப் போகிறவர் அந்த ஊர்த் திராட்சை மதுவைக் கேட்டுக் குடித்தால் அதை ரசனை என்கிறோம். நம் தென்னை தரும் கள்ளுக்கு அந்த மரியாதை இல்லை. கள்ளைக் கடையில் வைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். நண்பர் வீட்டுச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு மாறும் என்பதே என் வாதம்.

கள் உண்டாகும் விதமே இதற்கு முதல் சான்று. விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டுகிறார்கள். காலையும் மாலையும் ஒரு மெல்லிய வில்லை அளவுக்குச் சீவிக்கொண்டே இருந்தால்தான் ஊற்று அடைக்காது. உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கினால் அது இனிக்கும் பதநீர். பூசாவிட்டால், சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஆல்கஹால் ஏறி, பால் நிறத்தில் நுரைக்கும். மறுநாள் புளிக்கும், இன்னும் விட்டால் காடிதான். திராட்சை மதுவைப் புட்டியில் அடைத்துக் கடல் கடத்தலாம். மரத்தில் இருந்து இறக்கிய கள் அடுத்த ஊருக்குப் போவதற்குள் குணம் மாறிவிடும். குடிக்க விரும்புகிறவர்தான் அதன் ஊருக்குப் போக வேண்டும். வட்டார மது என்ற பெயருக்கு இதைவிட உரிமை உள்ள பானம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சான்று சமையலறையில் இருக்கிறது. இந்த மாநிலத்தின் அடையாளம் மினாங்கபாவ் மக்களின் மாசாக் லெமாக் சீலி அப்பி. ஊசிமிளகாயையும் மஞ்சளையும் இடித்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடும் குழம்பு அது. மிளகாய் நாக்கைச் சுடும், பால் அதை ஆற்றும். தமிழ் வீட்டு மீன்குழம்பும் நெத்திலிச் சம்பலும் அதற்குக் குறையாத காரம் உள்ளவை. இனிப்பும் புளிப்பும் கலந்த இளங்கள் அந்தக் காரத்தோடு சண்டை போடாது. கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்ப மாவைக் கள் ஊற்றிப் புளிக்கவைக்கும் வழக்கம் உண்டு. குழம்புக்குப் பால் தரும் மரமே மாவு பொங்கக் கள்ளும் தருகிறது என்றால், கள் அடுக்களைக்கு அந்நியமில்லை.

"தோட்டத்துப் பெண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்" என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பு நியாயமானது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்து, போலீசாரின் அடியை வாங்கினார்கள். அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். அவர்கள் எதிர்த்தது தோட்டத்துக்குள்ளேயே கடை வைத்து, கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை. சோறு இல்லாமல், நின்றபடி, சம்பளம் கரையும்வரை குடிக்கவைத்த இடம் அது. அந்த இடத்தில் எந்த மதுவை வைத்தாலும் குடும்பம் அழிந்திருக்கும்.

கள்ளை ஒழித்தால் குடி ஒழியும் என்ற நம்பிக்கையும் பொய்த்துவிட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே மதுவைச் சில்லறையில் விற்கிறது. மலேசியத் தோட்டங்களில் கள்ளைவிடப் பல மடங்கு கடுமையான மலிவு சம்சு பரவியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். இதனால் கள் தீங்கற்றது என்று ஆகிவிடாது. அளவு மீறினால் கள்ளும் கெடுக்கும்.

இந்த ஊரில் இன்னொரு மறுப்பையும் சந்தித்தே ஆகவேண்டும். 1998-99-ல் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைப் பறித்த நிப்பா வைரசுக்குப் பெயர் தந்த சுங்கை நிப்பா கிராமம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று நோய் வந்த வழி பழந்தின்னி வௌவால்களும் பன்றிப் பண்ணைகளும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். பின்னர் வங்கதேசத்தில் அதே வைரஸ், வௌவால் நக்கிய ஈச்சம் பதநீர் வழியாக மனிதருக்குப் பரவியது. அங்கே மூங்கில் தட்டியால் மரத்தில் சீவிய இடத்தையும் கலயத்தையும் மறைத்தபோது வௌவால்கள் அண்டவில்லை. ஆகவே மூடாத முட்டியில் இறங்கியது பதநீரானாலும் கள்ளானாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை விருந்தாளிக்கு உண்டு. யார் இறக்கினார், எப்போது இறக்கினார், முட்டியை மூடினாரா என்ற மூன்று கேள்விக்கும் கடையில் பதில் கிடைப்பது அரிது. மரத்தையும் சீவுகிறவரையும் அறிந்த நண்பரிடம் கிடைக்கும்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தைத்தான் முதலில் நினைத்து அழுகிறது: கொஞ்சம் இருந்தால் அவளுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் இருவரும் சேர்ந்து மகிழ்வார்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும் நம்மவர்தான். இருவருக்கும் ஒரே பந்தியில் இடம் உண்டு: குடிக்கிறவருக்கு ஒரு கிளாஸ் கள், குடிக்காதவருக்கு இளநீர், யாரையும் வற்புறுத்தாத வீட்டுக்காரர், எல்லாருக்கும் சுடுசோறு. தோட்டத்துக் கள்ளுக்கடையில் இல்லாமல் போனது அந்தச் சோறும் அந்த வீட்டுக்காரரும்தான்.

(தொடரும்)